99.5 சதவீதம் சுத்தம் என்றால் புதுசா?

ஒரு வேதிப்பொருளை யாரோ பல வருடங்களுக்கு முன்பே செய்து, செய்த விதத்தையும் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். இன்று நான் அதே பொருளை இன்னும் சுத்தமாகச் செய்கிறேன். அவர்களுடையது 97 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், என்னுடையது 99.5. நான் செய்தது புதுப் பொருளா? அதற்குக் காப்புரிமை கேட்கலாமா?

வேதியியல் படித்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். அதே மூலக்கூறுதானே, கொஞ்சம் அழுக்கை எடுத்திருக்கிறாய், அதற்குப் போய் பட்டயமா என்பார்கள். காப்புரிமை வக்கீல்கள் சிரிப்பதில்லை. நூறு வருடங்களுக்கு மேலாக நீதிமன்றங்கள் இதற்கு எதிரெதிரான பதில்களைச் சொல்லி வந்திருக்கின்றன. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியங்களே 1998இல் ஒன்று சொல்லி, 2018இல் கிட்டத்தட்ட நேர்மாறாகச் சொன்னார்கள். ஆய்வக மேசையை விட்டுக் காப்புரிமை ஆவணங்களுக்கு மாறியவன் நான். இரண்டு பக்கத்து வாதமும் எனக்குப் புரிகிறது, ஆனால் இரண்டும் சமம் என்று தோன்றவில்லை.

ஆஸ்பிரினில் இருந்து ஆரம்பிக்கலாம். இந்தச் சண்டையின் எல்லா முடிச்சுகளும் அதிலேயே இருக்கின்றன.

அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தை 1897இல் பேயர் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் செய்தார் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் 1853இலேயே பிரான்சின் ஷார்ல் கெர்ஹார்ட் அந்த வழியில் முயன்றிருக்கிறார். 1869இல் கிரௌட் என்ற ஜெர்மன் வேதியியலாளர், சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் குளோரைடைச் சேர்த்து ஒரு பொருளைச் செய்து, அதை வெளியிட்டும் விட்டார். அதாவது முன்கலை (ஏற்கெனவே வெளியாகித் தெரிந்திருந்தது), வக்கீல்கள் வாயில் பிரையர் ஆர்ட், அச்சில் தயாராக இருந்தது. அப்படியும் 1900 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஹாஃப்மன் பெயரில் காப்புரிமை எண் 644,077 வழங்கப்பட்டது. எப்படி?

அந்தக் காப்புரிமையை எடுத்துப் படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். கிரௌட்டின் கட்டுரையை ஹாஃப்மன் மறைக்கவே இல்லை. தானே எடுத்துக் காட்டி, கிரௌட் செய்தது அசல் பொருளே இல்லை என்று வாதிடுகிறார். ஆதாரம் இரண்டு. ஒன்று உறையும் வெப்பநிலை: கிரௌட்டின் பொருளை உருக்கி ஆறவிட்டால் 118 டிகிரியை ஒட்டி உறைகிறது, தன்னுடையது சுமார் 70 டிகிரியில்தான் உறைகிறது. இரண்டாவது ஃபெரிக் குளோரைடு சோதனை. கல்லூரி ஆய்வகத்தில் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சோதனைக் குழாயில் பொருளைக் கரைத்து, மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஃபெரிக் குளோரைடை ஓரிரு சொட்டு விட வேண்டும். சாலிசிலிக் அமிலம் இருந்தால் குழாய் சட்டென்று ஊதாவாகும். அந்த அமிலத்தில் மூடப்படாமல் இருக்கும் ஃபீனால் குழு இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தில் அந்தக் குழுவை அசிட்டைல் மூடியிருக்கிறது, அதனால் நிறம் மாறாது. கிரௌட்டின் பொருள் ஊதா காட்டியது, ஹாஃப்மனுடையது காட்டவில்லை.

இதே இரண்டு ஆதாரங்களையும் ஒரு வேதியியலாளரிடம் கொடுங்கள். "வேறு பொருள்" என்று அவர் சொல்ல மாட்டார். "அதே பொருள்தான், உள்ளே வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் கிடக்கிறது" என்பார். மாசு கலந்தால் உருகி உறையும் வெப்பநிலை மாறும் என்பது பாலபாடம். ஊதா நிறம் எந்த மாசு என்பதையே சொல்லிவிடுகிறது. ஹாஃப்மனின் காப்புரிமை பொருளின் அடையாளத்தைப் பற்றிப் பேசுவது போலத் தூய்மையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் 1905இல் நீதிபதி ஜாய்ஸ் முன்னால் இது வந்தபோது அவர் அசையவில்லை. இவ்வளவு வெளியான பிறகு, கிரௌட் சொன்னதை விட வேறு மாதிரி சுத்திகரிக்கிறேன் என்று வந்து, பொருளையே புதிதாகக் கண்டுபிடித்ததாக உரிமை கேட்பது விசித்திரம் என்ற தொனியில் எழுதி, காப்புரிமை செல்லாது என்றார். அமெரிக்காவில் 1910இல் அதே பொருள், அதே கிரௌட், அதே ஆதாரங்கள். ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்றது. ஒரு கலவைக்குள் வேதியியல் கணக்கில் அந்தப் பொருள் ஏற்கெனவே இருந்தது என்பதால் மட்டும், அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்தின் காப்புரிமைத் தகுதி போய்விடாது என்பது அவர்கள் நிலை. கிரௌட்டின் பொருளை மருந்தாகக் கொடுக்க முடியாது, ஹாஃப்மனுடையதைக் கொடுக்கலாம். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜாய்ஸ் கேட்டது "இந்தப் பொருள் முன்பே இருந்ததா?" அமெரிக்க நீதிமன்றம் கேட்டது "இதை வைத்து முன்பு முடியாத எதையாவது இப்போது செய்ய முடிகிறதா?" பிற்காலத்துத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் பக்கம்தான் சாய்கின்றன.

அடுத்த வருடமே, 1911இல், நியூயார்க்கில் லேர்னட் ஹேண்ட் என்ற நீதிபதி அட்ரினலின் வழக்கை எடுத்தார். ஜோகிச்சி தகாமினே சுரப்பித் திசுவிலிருந்து அட்ரினலினைப் பிரித்துச் சுத்தமாக்கியிருந்தார். வணிகத்திலும் வைத்தியத்திலும் அது நடைமுறைக்கு ஒரு புதுப் பொருள் என்றார் ஹேண்ட். எனக்கு அந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடித்தது கடைசிப் பகுதி. வேதியியலின் அரிச்சுவடிகூடத் தெரியாத ஒருவன் இப்படிப்பட்ட விஷயங்களைத் தீர்மானிக்க வழிவிடும் சட்டம் எவ்வளவு விபரீதமானது என்று அங்கே தன்னைப் பற்றியே புலம்பியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இனி ஐரோப்பாவுக்கு வரலாம். இன்றைய சண்டை அங்கேதான்.

நோவார்ட்டிஸ் விண்ணப்பம் ஒன்று 1990களில் மேல்முறையீட்டுக்கு வந்தது, எண் டி 990/96. ஒரு சேர்மத்தின் எரித்ரோ வடிவம், அதனுடன் வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் திரியோ வடிவம் (அதே அணுக்கள், இடவமைப்பு மட்டும் வேறு) மிகக் குறைவாக இருக்கும்படி கிடைத்த தூய நிலை. அந்தத் தூய்மையை வைத்தே உரிமை கேட்டார்கள். 1998 பிப்ரவரியில் வாரியம் மறுத்தது. காரணம் ஒரே விதிதான்: சிறிய மூலக்கூறு ஒன்றையும் அதைச் செய்யும் முறையையும் ஓர் ஆவணம் வெளிப்படுத்தினால், பொதுவாக அந்தச் சேர்மத்தை விரும்பிய எல்லாத் தூய்மை அளவுகளிலும் அது பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்துவிட்டது. ஏன்? கரிம வேதியியல் தெரிந்த எவரும் தேவைக்கேற்பப் பொருளைச் சுத்தம் செய்துகொள்வார்கள். மறுபடிகமாக்கல், காய்ச்சி வடித்தல், கலவையைக் கூறு கூறாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபி எல்லாம் அன்றாட வேலை. ஒரு விதிவிலக்கு மட்டும் வைத்தார்கள்: வழக்கமான முறைகளில் எல்லோரும் முயன்று தோற்றுப்போன தூய்மை அளவு என்றால் அது புதுமையாகலாம். அந்தத் தோல்விகளை நிரூபிக்கும் சுமை காப்புரிமை கேட்பவர் தலையில்.

ஆய்வகத்தில் இருந்தவனுக்கு இது நியாயமாகத்தான் படும். ஒரு பொருளைப் படிகமாக்கி, வடிகட்டி, மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்குவது யாரும் பெருமை பேசும் வேலை இல்லை. ஒரு தடவை செய்தால் 98, இன்னொரு தடவை செய்தால் 99.2, மூன்றாவது தடவை 99.6 என்று ஏறும். கூடவே பொருளும் குறையும். ஒவ்வொரு தடவையும் படிகத்தை எடுத்த பிறகு மிஞ்சும் தாய்க்கரைசலில் கொஞ்சம் போய்விடுகிறது. எங்கே நிறுத்துவது என்பது பொறுமையும் பணமும் சம்பந்தப்பட்ட முடிவு. அந்த நிறுத்திய இடத்தைப் பிடித்துக்கொண்டு "இதற்கு மேலே எல்லாம் எனக்கு" என்று வேலி போட்டால் கடுப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் சட்டமாகப் பார்த்தால் டி 990/96இல் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐரோப்பிய முறையில் புதுமை என்பது கறாரான கேள்வி. முன்கலை ஆவணத்தில் நேரடியாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் என்ன இருக்கிறதோ அதுதான் தெரிந்தது. அதிலிருந்து ஒருவர் யோசித்துச் செய்திருக்கக்கூடியது எல்லாம் அடுத்த கேள்விக்கு, அதாவது கண்டுபிடிப்புப் படி (துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத ஏதாவது) இருக்கிறதா என்ற கேள்விக்குப் போக வேண்டும். சுத்தம் செய்வது சுலபம், யாரும் செய்வார்கள் என்பது இரண்டாவது கேள்விக்கான பதில். 1998 வாரியம் அதை முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டது. வழி சொன்னவரை ஊர் போய்ச் சேர்ந்தவராகக் கணக்கில் எடுத்துக்கொண்டது மாதிரி.

இன்னொரு உறுத்தலும் உண்டு. கை வடிவம் உள்ள மூலக்கூறுகளில், இடதும் வலதும் பாதிப் பாதி கலந்த ரேசிமிக் கலவையை வெளியிட்டிருந்தாலும், தனி இடதுக்கோ தனி வலதுக்கோ புதுமை போய்விடுவதில்லை என்று அதே அலுவலகம் டி 296/87 முதலே சொல்லி வந்தது. 50 சதவீதமாக இருந்ததைப் பிரித்தெடுத்தால் புதுசு, 97ஐ 99.5 ஆக்கினால் பழசு. இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கடம்தான்.

இருபது வருடம் அந்த விதி நின்றது. பிறகு 2018 நவம்பரில் டி 1085/13. பொருள் லெர்கானிடிபின் ஹைட்ரோகுளோரைடு, ரத்த அழுத்த மருந்து, அதன் படிகமற்ற வடிவம். உரிமைக் கோரிக்கையில் தூய்மைக்கு ஓர் எண். எதிர்ப்பாளர்கள் வழக்கம்போல டி 990/96ஐக் காட்டினார்கள். வாரியம் அதைப் பின்பற்ற மறுத்தது. கோரிய தூய்மை முன்கலை ஆவணத்தில் வெளிப்படையாகவோ உள்ளார்ந்தோ இருந்தால்தான் புதுமை போகும். உதாரணமாக, அதில் உள்ள செய்முறையை அப்படியே செய்தால் தவிர்க்க முடியாமல் அந்தத் தூய்மை வந்தாக வேண்டும். வந்ததை மேலும் சுத்தம் செய்து அந்த எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் புதுமை போகாது. அந்தச் சுத்திகரிப்பு எவ்வளவு சாதாரணமானது என்பதைக் கண்டுபிடிப்புப் படியில் பேசிக்கொள்ளுங்கள். இதுதான் சாரம்.

தர்க்கமாகப் பார்த்தால் 2018 சரி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே கேள்விதானே, இந்த அறையில் இல்லாவிட்டால் அடுத்த அறையில் கேட்கப் போகிறோம், என்ன பெரிய வித்தியாசம் என்று பலர் எழுதினார்கள். அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. அறை மாறும்போது கூடவே இரண்டு விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, நிரூபிக்கும் சுமை. முன்பு காப்புரிமைக்காரர் தோல்விகளைக் காட்ட வேண்டும். இப்போது புதுமையை உடைக்க வேண்டும் என்றால், பழைய செய்முறை தவிர்க்க முடியாமல் அந்தத் தூய்மையைத் தருகிறது என்று எதிர்ப்பாளர் காட்ட வேண்டும். "தவிர்க்க முடியாமல்" என்பது வாசிக்கச் சின்னச் சொல். ஆய்வகத்தில் அது ஒரு நரகம். பழைய கட்டுரைகள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். "கரைப்பான் நீக்கப்பட்டது, எஞ்சியது ஈதரில் கழுவப்பட்டு உலர்த்தப்பட்டது." எவ்வளவு ஈதர்? எத்தனை முறை? என்ன வெப்பநிலை? எத்தனை மணி நேரம் உலர்த்தினார்கள்? தொடக்கப் பொருளை எங்கே வாங்கினார்கள், அதன் தூய்மை என்ன? கட்டுரையில் இருக்காது. எதிர்ப்பாளரின் ஆய்வகம் ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேறு வழியே இல்லை. 50 மில்லி எடுத்தால் "ஏன் 20 எடுக்கவில்லை?" மூன்று முறை கழுவினால் "கட்டுரை ஒரு முறை என்றுதானே சொல்கிறது?" இன்று கடையில் கிடைக்கும் தொடக்கப் பொருளை வாங்கிப் போட்டால் "அந்தக் காலத்தில் இவ்வளவு சுத்தமாகக் கிடைத்திருக்காது." ஒவ்வொரு தேர்வும் காப்புரிமைக்காரரின் வக்கீலுக்கு ஒரு கேள்வி. நேர்மையாகச் செய்த மறுபரிசோதனையைக்கூட இப்படி நூல் நூலாகப் பிரித்துப் போட்டுவிடலாம்.

அளவீடும் லேசுப்பட்டதில்லை. 99.5 சதவீதம் என்று எழுதியிருந்தால் எதில் 99.5? பெரும்பாலும் எச்.பி.எல்.சி. என்ற திரவ குரோமட்டோகிராபி கருவியின் வரைபடத்தில் உள்ள சிகரங்களின் பரப்பளவு விகிதம். புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருள்களை மட்டும்தான் அந்த உணரி பார்க்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் தெரியாது. உப்பு இருந்தால் தெரியாது. போகாமல் தங்கிய கரைப்பான் பெரும்பாலும் தெரியாது, அதற்கு வாயு குரோமட்டோகிராபி வேண்டும். படிகமற்ற பொருள்கள் கரைப்பானை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவை. ஆக பரப்பளவில் 99.5 காட்டும் பொருள் எடையில் 97 ஆகவும் இருக்கலாம். அலைநீளத்தை மாற்றினால் மாசுச் சிகரங்களின் உயரம் மாறும், சதவீதமும் மாறும். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் தூய்மை எண்ணை மட்டும் எழுதும் உரிமைக் கோரிக்கைகளை நான் முதல் வாசிப்பிலேயே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எண்ணே இல்லாமல் "கணிசமான அளவு தூய்மையான" என்று எழுதுபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். டி 728/98இல், டெர்ஃபெனடின் சம்பந்தப்பட்ட வழக்கு அது, அப்படி எழுதியது தெளிவில்லை என்று 2000இலேயே வாரியம் தட்டிவிட்டது.

கண்டுபிடிப்புப் படி என்ற அறையில் எதிர்ப்பாளருக்குக் கொஞ்சம் காற்று வரும். மருந்தைச் சுத்தமாக்க வேண்டும் என்ற உந்துதலைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒழுங்குமுறையே அதைக் கேட்கிறது. மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் கியூ3ஏ வழிகாட்டியின்படி, ஒரு நாளைக்கு 2 கிராம் வரை எடுக்கும் மருந்தில் 0.10 சதவீதத்தைத் தாண்டும் மாசு என்னவென்று அடையாளம் காண வேண்டும், 0.15ஐத் தாண்டினால் அதன் பாதுகாப்புக்கு ஆதாரம் வேண்டும். அதற்குள்ளும் தினசரி அளவு அதிகமான மருந்துகளுக்கு மில்லிகிராமில் ஓர் உச்சவரம்பும் உண்டு. இப்படி ஒரு விதி தலைக்கு மேல் இருக்கும்போது சுத்தம் செய்யத் தோன்றியதே என் கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. சுத்தம் செய்வது கடினமாக இருந்தது, வழக்கமான வழிகள் கைகொடுக்கவில்லை என்றுதான் வாதாட வேண்டும். டி 990/96 விதிவிலக்காக வைத்த அதே தோல்விக் கதை இங்கே மறுபடி வந்து உட்காருகிறது.

அமெரிக்காவிலும் 2007இல் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தின் வழக்கில் இதுதான் நடந்தது. இடது வலது என்று இரு விதமாக அமையக்கூடிய ஐந்து கைத்தன்மை மையங்கள் உள்ள மூலக்கூறு அது, ஐந்தும் எஸ் என்ற ஒரே விதத்தில் இருக்கும் ஐசோமரை மற்றவை கலக்காமல் கோரியிருந்தார்கள். கலவையில் எந்தக் கூறு வேலை செய்கிறது என்று தெரிந்தாலோ ஊகிக்க முடிந்தாலோ, அதைச் சுத்தமாகப் பிரிப்பது முதல் பார்வைக்கே வெளிப்படையானது என்று சொல்லி, காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் காப்புரிமையை வீழ்த்தியது. புதுமை பற்றிய சண்டையே வேண்டியிருக்கவில்லை.

இந்தியா வேறு வழியில் போனது. காப்புரிமைச் சட்டத்தில் 2005இல் திருத்திய 3(டி) பிரிவின் விளக்கத்தில் உப்புகள், ஐசோமர்கள், படிக வடிவங்களோடு தூய வடிவம் என்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பயன்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பொருள்தான். மருந்து என்றால் அது சிகிச்சைத் திறன் என்று 2013 ஏப்ரலில் இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1910இல் அமெரிக்க நீதிமன்றம் ஹாஃப்மனுக்காகக் கேட்ட கேள்வியின் சாயல் இதில் தெரிகிறது, கதவு மட்டும் எதிர்ப் பக்கம் திறக்கிறது.

சரி, ஐரோப்பாவில் மாறும் இரண்டாவது விஷயம். இதைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் கட்சி. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 54(3) பிரிவு. முன்பே தாக்கலாகி, ஆனால் நம் தாக்கல் தேதிக்குப் பிறகு வெளியான ஐரோப்பிய விண்ணப்பங்கள் புதுமைக்கு மட்டும்தான் கணக்கு. கண்டுபிடிப்புப் படிக்கு அவற்றை எடுக்கவே கூடாது என்று 56ஆவது பிரிவு சொல்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் நிறுவனம் ஜனவரியில் ஒரு புதுச் சேர்மத்துக்கு விண்ணப்பிக்கிறது. செய்முறை எழுதியிருக்கிறது, தூய்மை பற்றி ஒன்றும் எழுதவில்லை. இரண்டாவது நிறுவனம், முதலாவது பற்றித் தெரியாமலே, அதே சேர்மத்தை மார்ச்சில் "குறைந்தது 99.5 சதவீதம்" என்ற எண்ணோடு தாக்கல் செய்கிறது. முதல் விண்ணப்பம் வெளியாவது அடுத்த வருடம் ஜூலையில். 1998 விதிப்படி இரண்டாவது விழும், சேர்மம் எல்லாத் தூய்மைகளிலும் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது. 2018 விதிப்படி விழ வேண்டியதில்லை. முதல் செய்முறை தவிர்க்க முடியாமல் 99.5 தருகிறது என்று காட்ட முடியாவிட்டால் புதுமை இருக்கிறது. அது சாதாரணச் சுத்திகரிப்புதானே என்று கேட்க முடியாது, கேட்க வேண்டிய அறையின் கதவு அந்த ஆவணத்துக்குப் பூட்டியிருக்கிறது. பிறகு முதல் நிறுவனம் தன் சொந்த மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது, ஒழுங்குமுறை கேட்கும் தூய்மைக்கு ஏற்றினால் இரண்டாவதின் கோரிக்கைக்குள் போய் நிற்கும்.

இதற்குக் காப்புரிமை எழுதுபவர்களின் கைமருந்து, முதல் விண்ணப்பத்திலேயே எண்களை அடுக்கிவிடுவது: குறைந்தது 95, விரும்பத்தக்கது 98, இன்னும் விரும்பத்தக்கது 99, 99.5, 99.9. இப்படிப்பட்ட வரிகளைப் படித்துப் படித்து எனக்குக் கண் பழகிவிட்டது. பல நேரம் அதே ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளில் உண்மையில் அளந்த எண் 98.7 என்று இருக்கும். வெறுமனே எழுதிவைத்த 99.9 முன்கலையாக நிற்க வேண்டும் என்றால், அதை எட்டும் வழியும் அந்த ஆவணத்தைப் படிக்கும் துறைக்காரருக்குக் கைவசம் இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று பார்க்க மறுபடி யாராவது ஈதரை அளந்து ஊற்ற வேண்டும்.